மணல்மேட்டில் பறந்தவள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்த அம்மாளுக்குத் தெருவில் தையல்காரம்மா என்றுதான் பேர். வீட்டு முன்னறைதான் கடை. புருஷன் மின்விசிறி, மிக்ஸி விற்கும் கடையில் விற்பனையாளர். வருஷம் பூராவும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் "சொல்லுங்க சார்" என்று குழைந்து நிற்கிற மனுஷன், விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனால் மட்டும் ஆளே மாறிவிடுவார். அங்கே தடித்த டயர் போட்ட, கூரையில்லாத ஜீப்பை வாடகைக்கு விடுவார்கள். ஸ்டியரிங் கையில் வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. ஈரமணலில் அரைவட்டம் அடிப்பார், அலைக்குள் இறக்குவார், யாராவது நின்று பார்த்தால் இன்னும் ஒரு மிதி மிதிப்பார்.

தையல்காரம்மா பின்சீட்டில் தண்ணீர்க் கேனையும் துண்டுகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்சீட்டு எப்போதும் மகளுக்கு.

மகள் பள்ளி இறுதி வகுப்பு முடித்த வருஷம் அது நடந்தது. கரையை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் மணல்மேடு ஒன்று இருந்தது. அதில் வேகமாக ஏறி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"ஏங்க, வேணாங்க. நான் எறங்கிக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."

"சும்மா உக்காரு. உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு ஊரே சிரிக்கும்."

மேட்டின் உச்சியில் வண்டி மண்ணை விட்டது. தையல்காரம்மா சீட்டை விட்டாள். வண்டி கீழே விழுந்த வேகத்தில் இவளும் தொப்பென்று கம்பிச் சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தாள். இடுப்புக்கு மேலே ஏதோ நொறுங்கியது. "ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அழுதாள். அவர் திரும்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு, வண்டியைத் திருப்பி மறுபடியும் அதே மேட்டில் ஏற்றினார்.

முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பார்த்துப் படுக்கையில் விழுந்தாள். சீருடை வேலையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. எழுந்து உட்கார்ந்த பிறகும் குனிந்து துணி வெட்ட முடியவில்லை. பட்டன் வைப்பது, கிழிசல் தைப்பது, பேன்ட் நுனி மடிப்பது என்று சில்லறை வேலைதான் மிஞ்சியது.

இது இவளுடைய பாடு. அவருக்கோ இது ஒரு நல்ல கதையாகிவிட்டது. விருந்தாளி வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இவ பறந்தா பாருங்க! ஒரு கையில தண்ணி கேன், ஒரு கையில துண்டு! கேனைக் கடைசி வரைக்கும் விடல!"

கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேனை விடாததென்னவோ உண்மைதான். முதல் சில தடவை இவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

மகளுக்குக் கல்யாணமானதும் எல்லாருமாக அதே கடற்கரைக்குப் போனார்கள். அதே மேடு. இப்போது மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், மகள் பின்சீட்டில். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "யோசிக்காம மிதிங்க மாப்பிள்ளை, மேல போனதும் காலை எடுக்கக் கூடாது" என்று பாடம் நடத்தினார்.

வண்டிக்கு வெளியே நின்றிருந்த தையல்காரம்மா கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவிவிட்டாள்.

"என் பொண்ணு எறங்கட்டும். அப்புறம் நீங்க எங்க வேணா போய்க் குதிங்க."

"அத்தை, ஒண்ணும் ஆகாது, நான் மெதுவாத்தான்..." என்று இழுத்தான் மாப்பிள்ளை.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அவர்.

மகள் இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் பாக்கறாங்கம்மா. மானம் போகுது. சாவியைக் குடு."

சாவி கைமாறியது. ஆண்கள் இருவரும் போனார்கள். மேட்டில் ஏறினார்கள், குதித்தார்கள், சிராய்ப்புகூட இல்லாமல் திரும்பி வந்தார்கள். அவர் தலைமுடியிலிருந்து மணலை உதறிக்கொண்டே, "பாத்தியா? என்ன ஆச்சு? ஒரு மண்ணும் ஆகல" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான்.

விடுதி அறையில் மகள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் பொறுக்காமல் கேட்டாள்.

"உனக்கு ஆச்சுங்கறதுக்காக எல்லாருக்கும் ஆகணுமா?"

"அன்னிக்கு நீ முன்சீட்டுல இருந்த. நான் நிறுத்தச் சொல்லி அழுதது உனக்குக் கேட்டுச்சா?"

மகள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்பா சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

சத்தம் காற்றில் போயிருக்கும், இஞ்சின் இரைச்சலில் கேட்டிருக்காது என்று தையல்காரம்மா இத்தனை நாள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன்மேல் வைத்திருந்த கோபத்துக்குப் பழகிவிட்டிருந்தாள். இது புதிது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மகள் "அம்மா" என்று தோளைத் தொட்டாள். அந்தக் கையை எடுத்து விலக்கிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

ஊர் திரும்பிய பிறகு புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே யார்கிட்டயாவது அந்தக் கதையைச் சொன்னீங்கன்னா மிச்சத்தை நான் சொல்வேன்."

"என்ன மிச்சம்?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் எதிரில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கடையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார் என்பது, அங்கே மிக்ஸி வாங்கப் போன எதிர்வீட்டுக்காரி, "நீங்க பறந்தீங்களாமே!" என்று கேட்டபோது தெரிந்தது.

அடுத்த விடுமுறைக்கு அவள் போகவில்லை. அவர்கள் மூவரும் போனார்கள். தையல்காரம்மா கடையைத் திறந்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, ஒரு பையனின் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மகள் போன் செய்தாள். பின்னால் காற்றும் இஞ்சின் உறுமலும் கேட்டன.

"அம்மா, நான் வண்டியில ஏறலம்மா. கரையிலதான் நிக்கறேன்."

அது உண்மையா, தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை.

"சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.