டீ குடிக்கப் போன ரசிகர்கள்

1. ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போகவில்லை

படம் ஓடுகிறது. கேபினில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் வசனம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஹாலில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தியேட்டர் ஆபரேட்டருக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. ஹாலுக்குப் போகிற லைன் போய்விட்டது என்று நினைத்து ஆம்ப்ளிஃபையரைப் போய்த் தட்டினேன். ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். பிறகு ஹாலைப் பார்க்கிற கண்ணாடி ஓட்டையைத் திறந்து காதை வைத்தேன். சவுண்டு கணீரென்று இருந்தது. விசிலடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால் ஹால் காலி என்று அர்த்தமில்லை. ஹவுஸ்ஃபுல். ‘டெப்போ துரை’ மூன்றாம் பாகம், முதல் நாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருவதே அபூர்வம். மூன்றாம் பாகம் என்றால் திருவிழாதான். பஸ் டெப்போ மெக்கானிக் துரை முதலாளிகளைக் கேள்வி கேட்கிற கதை. எங்கள் தியேட்டர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருந்தது. சுற்றிலும் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த நேரம். தெற்கே இருந்து வந்த பையன்கள் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்த்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்காகவே காலையில் ஒரு ஸ்பெஷல் ஷோ போடுவோம். யூனிஃபார்மோடு வந்து உட்காருவார்கள். துரைக்கு அவர்கள் வைத்த மன்றத்தின் பெயரே ‘ஷிஃப்ட் ரசிகர் மன்றம்’.

மன்றத்துக்குச் செயலாளர் முத்துக்குமார். திருநெல்வேலிப் பக்கம். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவில்லையென்றால் கான்ட்ராக்ட்டும் முடிந்துவிடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தோரணம், பட்டாசு, படப் பெட்டி வரும்போது பூசணிக்காய் உடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. விசிலடித்தால் என் கேபின் கண்ணாடி அதிரும்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு இடைவேளையில் வந்து கேபின் வாசலில் நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“என்னடா, உடம்பு சரியில்லையா?”

“பாத்தீங்களாண்ணே? நம்ம துரை அண்ணன் இப்டிப் பண்ணிட்டாரே!”

நான் எங்கே பார்த்தேன்? ஆபரேட்டர் ரீலைத்தான் பார்ப்பான், கதையைப் பார்க்க மாட்டான். அவன்தான் சொன்னான். இந்தப் பாகத்தில் துரை ஃபேக்டரி முதலாளி ஆகிவிடுகிறான். லேட்டாக வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை, கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறைகிறான். தட்டு எகிறிச் சோறு தரையில் கொட்டுகிறது. பின்னணியில் மேளதாளம் வேறு. கைதட்டுவதற்காக வைத்த சீன் அது.

“மொதப் படத்துல என்ன சொன்னாரு? ‘சாப்பிடறவன் மேல கை வைக்கிறவன் மனுசனே இல்ல’ன்னாரா இல்லையா? அதச் சொல்லித்தானண்ணே எங்க ரூம்ல எல்லாவனும் ரசிகனானான். இப்ப எங்க சோத்துத் தட்டையே தட்டி விடுதாரு!”

அவன் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அடப்பாவி, ஒரு சினிமாவுக்கா இப்படி என்றுதான் தோன்றியது.

2. டீ சீன்

மறுநாள் காலை ஷோவில் அந்த கேன்டீன் சீன் வந்ததும் ஹாலில் நாற்காலிகள் படபடவென்று மடங்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக எழுந்து வெளியே போகிறார்கள். போச்சுடா, படத்தைப் பாதியில் விட்டுப் போகிறார்கள், தியேட்டர் முதலாளி தலையில் துண்டுதான் என்று நினைத்தேன். சீன் முடிந்து அடுத்த சீன் ஆரம்பித்ததும் கதவு திறந்தது. ஒருத்தர் விடாமல் உள்ளே ஓடிவந்து உட்கார்ந்தார்கள். துரை சண்டைக்கு இறங்கியதும் பழையபடி விசில் பறந்தது.

வாசலில் டீக்கடை வைத்திருந்த கபாலிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இடைவேளை கூட்டம் போதாதென்று இது ஒரு கூட்டம். மூன்றாவது நாள் அவரே கேபின் படியேறி வந்துவிட்டார்.

“இன்னா ஆபரேட்டரு, அந்த சீனு கரெக்டா எப்போ வருது? முன்னாடியே சொன்னீன்னா பால காச்சிகினு ரெடியா இருப்பேன் இல்ல?”

அதிலிருந்து அந்தச் சீனுக்கு எங்கள் தியேட்டரில் ‘டீ சீன்’ என்றே பெயர் ஆகிவிட்டது. அந்த ரீலை மாட்டியதும் நான் கபாலிக்கு வாசல் பக்கத்து ஜன்னலில் இருந்து கையைக் காட்டுவேன்.

3. மன்றத்தின் ஸ்லைடு

இதெல்லாம் தமாஷாகவே போயிருக்கும். தயாரிப்புக் கம்பெனி வாயைத் திறந்ததில்தான் வினை வந்தது. மற்ற ஊர்களிலும் ரசிகர்கள் முணுமுணுத்திருப்பார்கள் போல. கம்பெனி பத்திரிகையில் அறிக்கை விட்டது. படத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்மையான ரசிகர்களே இல்லையாம். வேண்டாதவர்கள் வாடகைக்குப் பிடித்து அனுப்பிய ஆட்களாம்.

அதைப் படித்துவிட்டு முத்துக்குமாருக்கு ஆறவில்லை. ராத்திரி முழுக்க பிரஸ் மெஷினில் நின்றுவிட்டு, ரூமில் போய்ப் படுத்துத் தூங்காமல், டிக்கெட் எடுத்து வருகிறவனைப் பார்த்து வாடகை ஆள் என்றால் யாருக்குத்தான் ஆறும்?

இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்லைடைக் கொண்டுவந்து கொடுத்தான். படத்துக்கு முன்னால் கடை விளம்பரம் காட்டுகிற கண்ணாடிச் சில்லுதான். மன்றத்து வாழ்த்து ஸ்லைடை ஓசியில் காட்டுவது எங்கள் வழக்கம்.

“ஒருவாட்டி படிச்சுப் பாத்துருங்கண்ணே,” என்றான்.

“மன்றத்து ஸ்லைடுல படிக்கறதுக்கு என்னடா கெடக்கு? குடு.”

ஸ்லைடைத் தலைகீழாகத்தான் சொருக வேண்டும். மூலையில் ஒரு பொட்டு வைத்திருக்கும். ஆபரேட்டர் அந்தப் பொட்டைப் பார்த்துச் சொருகுவானே தவிர எழுத்தைப் படிக்க மாட்டான். நானும் சொருகினேன். ஹாலே எழுந்து நின்று விசிலடித்தது. அந்த வாரம் முழுக்க அப்படி ஒரு விசிலைக் கேட்டதில்லை. என்னடா இது என்று திரையைப் பார்த்தேன்.

‘நாங்கள் வாடகை ஆட்கள் இல்லை. டிக்கெட் வாங்கிய ரசிகர்கள். துரை அண்ணன் கேன்டீனில் கை ஓங்கியது எங்களுக்குப் பிடிக்கவில்லை. – ஷிஃப்ட் ரசிகர் மன்றம்.’

படக் கம்பெனியின் ரெப் வைத்தியலிங்கம் அந்த ஷோவில்தான் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். ரெப் என்றால், படம் ஓடுகிற தியேட்டர்களுக்குக் கம்பெனி அனுப்புகிற ஆள். எங்கள் நேரம், அன்றைக்கென்று வந்திருந்தார்.

4. யார் போட்டது?

முதலாளி ரூமில் வைத்து ரெப் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! “எங்க படத்த ஓட்டிக்கினு எங்களயே அசிங்கப்படுத்துவீங்களா? யார்யா போட்டது? இன்னிக்கே பெட்டிய எடுத்துனு பூடுவேன். அடுத்த படமும் கெடையாது!”

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் பார்வையிலேயே என் வேலை போய்விட்டது தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்ற முத்துக்குமார் முன்னால் வந்தான்.

“நாந்தான் சார் போட்டேன். ஆபரேட்டர் ஏகாம்பரம் அண்ணன் கீழ எறங்கினப்ப கேபினுக்குள்ள பூந்து நானே சொருகிட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேபினுக்குள் புகுந்தான் என்றால் அது போலீஸ் கேஸ். ரெப்பும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவன் சட்டையில் இருந்த கம்பெனி பேட்ஜைக் குனிந்து பார்த்தார்.

“ஓகோ, இங்கதான் வேல பாக்கிறியா? நல்லதாப் போச்சு. ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட், உங்க ஹெச்.ஆருக்கு ஒரு லெட்டர். அப்புறம் நீ ஊருக்குப் போயி நிம்மதியா படம் பாரு.”

முத்துக்குமார் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

“பொய் சொல்றான் சார். அவன் குடுத்தான், நான்தான் என் கையால போட்டேன். எழுதறதுன்னா என் பேர எழுதுங்க.”

“அண்ணே, சும்மா இருங்கண்ணே!”

“நீ சும்மா இருடா!”

ரெப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாய்யா, ஏலம் உட்றீங்களா? ரெண்டு பேர் மேலயும் குடுக்கறேன், போதுமா?”

அந்த நேரம் பார்த்து டீத் தூக்கோடு கபாலி உள்ளே நுழைந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் டீயை நீட்டிவிட்டு என்னைக் கேட்டார்.

“நாளிக்குக் காலீல டீ சீனு வழக்கம்போலத்தான? பாலுக்குச் சொல்லணும்.”

“இன்னாது டீ சீனு?” என்றார் ரெப்.

கபாலி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். “அந்த கேன்டீனு சீனு வந்தா அல்லாரும் வெளிய வந்துருவாங்க சார். டீ குட்சிட்டு, சீனு முட்ஞ்சதும் உள்ள ஓடிருவாங்க. ஒருத்தன் வூட்டுக்குப் போமாட்டான்.”

ரெப் கையில் டீ அப்படியே நின்றது. “திரும்பி வராங்களா? எல்லாருமா?”

“பின்ன? துரை படமாச்சே!”

5. வைத்தியலிங்கம் குடித்த டீ

மறுநாள் காலை ஷோவுக்கு அவர் பால்கனிக்குப் போகவில்லை. கீழே, பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். சீன் வந்தது. நாற்காலிகள் மடங்கின. கடைசி வரிசையில் அசந்து தூங்கிய இரண்டு பேரும் அவரும்தான் மிச்சம். கொஞ்ச நேரம் காலி நாற்காலிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்து வெளியே போனார். எனக்கு ஜன்னலில் இருந்து எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

கபாலி கொடுத்த கிளாஸை வாங்கிக்கொண்டு முத்துக்குமார் பக்கத்தில் போய் நின்றார்.

“ஏம்ப்பா, புடிக்கலன்னா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான?”

“துரை அண்ணன விட்டுட்டு எங்க சார் போறது? ஒரு சீன்தான புடிக்கல.”

ஷோ முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் படக் கம்பெனிக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் கத்துகிற கத்தல் எனக்கே கேட்டது. ரிசீவரைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் பேசியது இது:

“சார், இவங்க வாடக ஆளு இல்ல சார். வாடக ஆளா இருந்தா எந்திரிச்சிப் போனவன் திரும்பி வருவானா? நம்ம ஆளுங்கதான் சார்... இல்ல சார், கம்ப்ளெயின்ட் நான் குடுக்க மாட்டேன். குடுத்துத்தான் ஆவணும்னா வேற ஆள அனுப்புங்க.”

வேறு ஆள் வரவில்லை. போலீசும் வரவில்லை, ஹெச்.ஆருக்குக் கடிதமும் போகவில்லை. கம்பெனிச் சம்பளம் வாங்குகிற மனிதர் கம்பெனியிடமே அப்படிப் பேசினார். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று குன்றத்தூர் முருகனிடம் நான் வேண்டாத கிருத்திகை இல்லை.

அடுத்த வாரம் ‘படத்தின் நீளம் கருதி’ சில இடங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ரசிகர்கள் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த கௌரவத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்களா? ஆனால் கேன்டீன் சீன் முழுசாக அதில் இருந்தது. என் கையாலேயே கத்தரித்து, இரண்டு முனையையும் ஒட்டினேன்.

பையன்களிடமும் சொல்லவில்லை, கபாலியிடமும் சொல்லவில்லை. காலை ஷோவில் அந்த இடம் வந்ததும் வழக்கம்போல எழுந்தார்கள், பாதி தூரம் கதவை நோக்கி நடந்துவிட்டார்கள். திரையில் துரை அடுத்த சண்டைக்கு இறங்கிவிட்டான். எல்லோரும் நடைபாதையில் அப்படியே நின்றார்கள். ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழும்பியதே ஒரு சத்தம், அப்பாடா! அன்றைக்குக் கபாலிக்கு மட்டும்தான் நஷ்டம். ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்.

6. கடைசியாக

இப்போது தியேட்டர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். படத்தைக் குறை சொல்கிறவனைப் பார்த்ததும் எதிரி என்று பாயாதீர்கள். அவன் மறுபடி உள்ளே வந்து உட்காருகிறானா என்று பாருங்கள். உட்கார்ந்தால் அவன் உங்கள் ஆள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இவ்வளவுதான் நான் கற்றது.

மறுமாதம் முத்துக்குமார் நைட் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கேபினுக்கு ஏறி வந்தான். பெர்மனென்ட் ஆகிவிட்டது. ஊருக்குக்கூட இன்னும் போன் பண்ணவில்லை, முதலில் என்னிடம் சொல்லத்தான் வந்தேன் என்றான். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஏன்டா, இந்த வேலையே போயிருக்குமே. எனக்காக எதுக்குடா அன்னிக்கி அப்படி ஒரு பொய் சொன்ன?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“ஃபிலிம் அறுந்தா இருட்டுக்குள்ள உங்கள என்ன பேச்செல்லாம் பேசுதோம். ஆனா எங்க கம்பெனி பஸ் லேட்டாச்சுன்னா, நாங்க வந்து உக்காருத வரைக்கும் நீங்க படம் போட மாட்டீங்க. விளம்பரத்தையே திருப்பித் திருப்பிக் காட்டிட்டு இருப்பீங்க. எங்களுக்குத் தெரியாதாண்ணே?”

உண்மைதான். தினமும் அந்த ஜன்னலில் நின்று, பஸ் வந்து பையன்கள் இறங்கி ஓடிவருவதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் ரீலை ஓட விடுவேன். முதலாளிக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.