டிவியைக் கொடுக்கப் போன ஞாயிறு

எங்கள் வீட்டு டிவி செத்துப்போன வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் லயத்து வீட்டுக்கு ஓடிவருவேன். டிவி இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன அம்மா வருகிறாளா என்று வாசலுக்கும் பாதைக்குமாக அலைவேன்.

அது முதுகு புடைத்த பழைய டிவி. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது அனுப்பிய காசில் அப்பா ஹட்டனில் வாங்கியது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு மாற்றிப்போட இனிமேல் சாமான் வராது என்று கையை விரித்துவிட்டார்.

சித்தப்பா சுத்தியலோடு வந்து நின்றார்.

"ஒடச்சா உள்ள செம்புக் கம்பி இருக்கும் அண்ணி. மிச்சத்த ஆத்துல தள்ளிரலாம்."

"அந்தத் தண்ணியத்தானே கீழ் லயத்துல குடிக்கிறாங்க? கண்ணாடியில ஈயம் இருக்காம். சுத்தியல உள்ள வைங்க" என்றாள் அம்மா. பழைய மின்சாமான்களை ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்களாம்.

அப்பா ரொட்டியைப் பிய்த்தபடி, "அப்ப புதுசு ஒன்னு வாங்கத்தானே வேணும்" என்றார்.

அதோடு என் சாப்பாடு போயிற்று. ஒரு வீட்டுக்கு டிவி வர வேண்டுமென்றால் அந்த வீட்டு அம்மா குவைத்துக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். யாரும் இல்லாத நேரத்தில் பிளக்கைச் செருகிச் செருகிப் பார்த்தேன். முருகனிடமும் முறையிட்டேன். அவருக்கும் சாமான் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு காலை அப்பாவுக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. சித்தப்பாதான் டிவியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். வளைவுக்கு வளைவு அது என் மேல் சாய்ந்தது. நான் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா அதை அக்கறை என்று நினைத்திருப்பாள்.

தலவாக்கலையில் கையுறை போட்ட ஒரு சிங்களப் பையன் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவன் தமிழிலேயே பதில் சொன்னான்.

"இங்க ஒடைக்க மாட்டோம் அக்கா. பெக்டரிக்குப் போகும். அங்க கண்ணாடி வேற, செம்பு வேறன்னு பிரிப்பாங்க."

அவன் கை நீட்டியபோது நான் டிவியை விடவில்லை.

"குடுக்காதம்மா! நீ திரும்பப் போயிருவ!"

"எங்கடி?"

"குவைத்துக்கு. புது டிவிக்கு."

வரிசையில் பழைய இஸ்திரிப் பெட்டியோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "டிவியே வேணாம் நமக்கு. நான் எங்கயும் போகல" என்றாள். பையன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கரப்பத்தனை பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நான் அங்க இருக்கப்ப என்னையத் தேடுனியாடி?"

அவளைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது.

"இல்லம்மா. நீ வாங்கிக் குடுத்த டிவிதான் இருந்துச்சே. அதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் மழையைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து நானும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.