இடி இடித்ததும் பிடுங்கிய பிளக்

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அப்பா தோட்டத் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தபோது வாங்கிய கம்ப்யூட்டரை மூன்று வாரமாகப் பழுது பார்க்கிறேன். ஹார்ட் டிஸ்க் சுற்றாமல் சிக்கிக் கிடந்தது. தொழிலாளர்களுக்கு வீடு தருவதாகச் சொன்ன தோட்ட நிர்வாகத்துக்கு அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். தோட்டம் விற்றுப்போய், வீடு இன்னும் கிடைக்காதவர்கள் இப்போது அவற்றைக் கேட்கிறார்கள்.

இன்று மத்தியானம் டிஸ்க் சுற்றியது! கடிதங்களை நகலெடுக்க விட்டேன். ஒருமுறை நின்றால் மறுபடி ஓடாது என்ற பயத்தில், "தொட்றாதக்கா" என்று அக்காவிடம் மூன்று முறை சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜெலாப்பாங்கில் இருக்கும் கடைக்குச் சாப்பாடு வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் திரை இருட்டு. பிளக் தரையில் கிடந்தது.

"யாருக்கா இதப் புடுங்குனது?"

"நான்தான். இடி இடிச்சிச்சிலா. கம்ப்யூட்டரத் தொடவே இல்ல, பிளக்க மட்டும்தான் புடுங்குனேன்."

வெளியே ஒரு சொட்டு மழை இல்லை.

மறுபடி போட்டேன். டிஸ்க் இரண்டு முறை டிக் டிக் என்றது. பிறகு அதுவும் இல்லை.

ஒன்பது கடிதங்கள்தான் வந்திருந்தன. ஒன்பதாவதின் கடைசி வரி: 'தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.'

அப்போதுதான் கவனித்தேன், ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"அப்ப டிவிய ஏன் புடுங்கல?"

"சீரியல் இன்னும் முடியலலா தம்பி."

இடி இடித்தால் முதலில் டிவியைப் பிடுங்கும் அக்கா இந்தப் பேராக் மாநிலத்தில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். மீதிக் கடிதங்கள் சிக்கிக் கிடக்கும் இந்த டிஸ்க்கை அங்கே கொண்டு வந்து பழுது பார்க்கிறேன்.