செம்பருத்திப் பையில் வந்த செடி

ஈரமண் கசியும் கறுப்புப் பாலிதீன் பைகளில் ஏழெட்டுச் செடிகளைத் தூக்கிக்கொண்டு என் மாமனார் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கியது 2006ஆம் ஆண்டு. சிதம்பரத்தில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், மாமியார் போன பிறகு எங்களோடு தங்க வந்தார். துணிமணி ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் வழியில் நாற்றுப்பண்ணையில் வாங்கியவை. “உங்க வீட்டுப் பின்னாடி எடம் சும்மா கெடக்குதேம்மா” என்றார்.

ஒரு பையில் செம்பருத்தியின் தண்டை ஒட்டி இன்னொரு செடியும் முளைத்திருந்தது. அவர் அதைத் தனியே பிரித்து வேலியோரம் நட்டார். செம்பருத்தி பட்டுப்போயிற்று; பெயர் தெரியாத அது மளமளவென்று வளர்ந்தது. பளபளக்கும் இலைகள் முதிர்ந்ததும் சிவந்து உதிர்ந்தன. நாட்டு வாதாம் என்றேன் நான். வாதாம் இலை இன்னும் அகலம் என்றார் அவர். உதிர்ந்த இலையை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவந்து, மாலையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பொருந்தாத பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துவிடுவோம். அதற்கு முன்பு “சாப்டீங்களா மாமா” என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. “பச்ச எலையக் கிள்ளி மோந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார். எனக்கும் ஆவல்தான், தடுக்கவில்லை. கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்தது. முகர்ந்து உதட்டைப் பிதுக்கியவர், அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்தார். அடுத்த நிமிடம், “கண்ணு எரியுதும்மா! ஒண்ணுமே தெரியல!” என்று அலறினார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஆட்டோவில் ஏறும்போது, மருத்துவர் கேட்பார் என்று ஒரு கிளையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மருத்துவர் இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டார். பார்வை பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். பெயர் தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு மனிதரின் கண்ணையே பறித்துவிட்டேனோ என்று நினைத்தபடி அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்த நர்ஸ் தாளைப் பிரித்துப் பார்த்துப் பதறினார். “ஐயையோ, இதப் போயி தொட்டீங்களா? இது தில்லைங்க. பிச்சாவரம் பக்கம் எங்க ஊரு கிள்ளையில தண்ணியோரம் பூரா இதான். பால் கண்ணுல படக் கூடாதுன்னு சின்னப் புள்ளைங்களுக்குக் கூடத் தெரியும்.” பண்ணைக்காரர் அந்தப் பக்கத்து மண்ணை அள்ளி வந்திருப்பார் போலும்.

கட்டோடு படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். “தில்லையா? எங்க ஊருக்கே அதானம்மா பேரு! பொறந்து வளந்து ரிட்டையரும் ஆயிட்டேன். அந்த மரம் எப்படி இருக்கும்னு ஒரு நாளும் கேக்கலையே.”

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். மங்கலாகத் தெரிந்தது, பத்து நாளில் தெளிந்தது. என் கணவர் அரிவாளோடு கிளம்பினார். “வெட்டாதடா. அது எடத்துல கொண்டுபோய் உட்டுருவோம்” என்று மாமனார் தடுத்துவிட்டார். பால் படாமல் வேரோடு தோண்டியெடுத்த செடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் அவருமாகச் சிதம்பரம் வழியாகக் கிள்ளைக்குப் போனோம். நர்ஸ் அங்கிருந்த தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்; அவர் அதை வாங்கிச் சேற்றில் நட்டார்.

கரை நெடுகத் தில்லை மரங்கள். பச்சைக்கு நடுவே சிவந்த இலைகள். மாமனார் ஒவ்வொரு மரமாக நின்று பார்த்தார். “பிச்சாவரம் வண்டியில பதினோரு வருஷம் இந்த வழியாத்தான் வந்தேன். நிக்கிற அஞ்சு நிமிஷத்துல டீ குடிச்சிட்டு விசிலடிச்சிடுவேன்” என்றார்.

கரையோரச் சாலையில் சிதம்பரம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்து, “வர்றீங்களா?” என்று குரல் கொடுத்தார். நான் ஏறக் கிளம்பிவிட்டேன். மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

“போவட்டும்மா, அடுத்த வண்டியில போவலாம்.”