என் சிவப்பு வண்டிக்கு டயர் மாற்றிய கதை

சொந்தச் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் கார் அது. பழைய வண்டிதான். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் செடான், நல்ல சிவப்பு, தரையோடு தரையாகப் போகும். குற்றாலம் பக்கம் மேலகரத்தில் எங்கள் தெருமுனை வேகத்தடையில் அடிப்பாகம் தட்டாமல் இறங்கியதில்லை. தட்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார்.

"வித்துத் தொலைப்போம். எட்டு பேர் உக்காருத மாதிரி ஒசரமா ஒண்ணு வாங்குவோம்."

"என் வண்டிய விக்க நீங்க யாரு?" என்பேன். வாய்தான் பெரிது, உள்ளுக்குள் பயம். டயர் நான்கும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. சாரல் தொடங்கிய முதல் வாரம் பிரேக் போட்டதில் வண்டி சறுக்கி, ஒரு பழ வண்டிக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. பழக்காரர் ஏசியதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது: புது டயர் போட்டுப் பார்ப்பது, அப்புறமும் இந்த சீசனில் வண்டி தகராறு பண்ணினால் விற்றுவிடுவது.

தென்காசியில் டயர் கடை அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வண்டியோடு வந்தது காய்ந்த ரோட்டில் பறப்பதற்கான டயர். எங்களுக்கோ சித்திரையில் தார் உருகும், ஆனி ஆடியில் ரோடு ஈரம் காயாது. அதனால் ஆல்-சீசன் டயர்தான் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை அளவில் வந்தது.

டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 225/45 R17 என்று போட்டிருக்கும். அகலம் 225 மில்லிமீட்டர், டயரின் பக்கச் சுவர் அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு உயரம், நடுவே பதினேழு அங்குல வீல். அதையே போடுவோம் என்றேன் நான். நாற்பத்தைந்துக்குப் பதில் ஐம்பது போட்டால் வண்டி அரை அங்குலம் உயரும், வேகத்தடையில் தட்டாது என்றார் இவர்.

"வண்டியில எத்தன பேரு போவிய?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நாலு பேருதான்," என்றார் இவர், கூசாமல்.

"அப்பம் அம்பதே போடலாம், இடிக்காது."

நாலு பேராம்! குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் சீசனில் நாலு பேராகப் போனதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? வந்த விருந்தாளிகளில் ஒருத்தரை விட்டாலும் மனத்தாங்கல், அடுக்கித்தான் ஏற்றியாக வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு, அவருக்குத் தெரியாததா?" என்று இவர் அடக்கிவிட்டார். வந்த ஆத்திரத்தில் கடையில் கொடுத்த டீயைத் தொடவில்லை.

ஐம்பதே போட்டோம். காலி வண்டி வேகத்தடையைத் தட்டாமல் தாண்டியது. இவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரமே சென்னையிலிருந்து நாத்தனார் வந்தார், அவர் வீட்டுக்காரர், இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு கொழுந்தன்மாரோடு. எங்களையும் சேர்த்து எட்டு பேர். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், எப்போதும்போல, "நீங்க போயிட்டு வாங்க, நான் சோத்தப் பொங்கி வைக்கேன்" என்று வாசலோடு நின்றுவிட்டார். மடிமேல் மடியாக உட்கார்ந்து கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை, பின்னாலிருந்து கர்ர்ரென்று தேங்காய் துருவுகிற சத்தம். பாரத்தில் வண்டி அமுங்கி, உயரமான டயர் மட்கார்டில் உரசுகிறது. "நான் அப்பமே சொன்னேன்லா, இது ஆகாத வண்டி," என்றார் இவர். அளவைக் கூட்டச் சொன்னது யாராம்?

வண்டியை நேரே கடைக்கு விட்டேன். "எட்டு பேரா!" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். டயர் புதுசாகவே இருந்ததால் கழற்றிவிட்டு நாற்பத்தைந்தே போட்டுக் கொடுத்தார். ஸ்டிக்கரில் ஐந்து பேர் என்றும் போட்டிருந்தது. மறுநாள் காலையில் நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டம் போட்டேன்.

"இனிமே அஞ்சு பேருதான். ஆறாவது ஆள் ஏறினா நான் எறங்கிருவேன்."

"அப்பம் யார விட்டுட்டுப் போகச் சொல்லுதே?" என்றார் இவர்.

"ஒங்களத்தான். ஆம்பளைங்க நாலு பேரும் ஆட்டோவுல வாங்க."

நாத்தனாரும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். முன்சீட் காலியாக இருந்தது. அடுக்களைக்குள் போய் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, அடுப்புல கொழம்பு கெடக்கு!" என்றார். கிடக்கட்டும் என்று அடுப்பை அணைத்தேன்.

வேகத்தடையில் சாய்வாக, மெதுவாக ஏற்றினேன். தட்டவில்லை. ஐந்தருவி ரோட்டில் சாரல் நன்றாக இறங்கியிருந்தது. வளைவில் குரங்கு ஒன்று குறுக்கே பாய, பிரேக்கை மிதித்தேன். வண்டி அலுங்காமல் நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

அருவிக்குள் போன அத்தை வெளியே வர மறுத்துவிட்டார். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனார். ஒருவழியாக நாத்தனார் இழுத்து வந்து தலை துவட்டிவிட்டார்.

"கடைசியா எப்பம்மா குளிச்ச?"

"நீ கல்யாணமாகிப் போறதுக்கு முன்னால. பொறவு வண்டியில எடம் எங்க இருந்துச்சு?"

வீட்டிலிருந்து அருவிக்கு வண்டியில் கால் மணி நேரம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியை உலர்த்திக்கொண்டிருந்தோம். இவர் போனை வைத்துவிட்டு வந்தார். "புரோக்கர்தான். வண்டியப் பாக்க ஞாயித்துக்கிழம ஆள் வருதாங்களாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"ஏலே, ஞாயித்துக்கிழம வண்டி இங்கன இருக்காது. நானும் இவளும் பழைய குத்தாலம் போறோம்."