பொன்வண்டு முதுகில் முக்கால் வளையம்

பாஸ்கர் போயிட்டான். நேத்து காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவன், எழுந்திருக்கல.

கள்ளக்குறிச்சியில நானும் அவனும் ஒரே பூச்சிமருந்துக் கடையில வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரே பைக்ல கல்வராயன் மலைக்குக் கிளம்பிடுவோம், பூச்சிகளைப் போட்டோ எடுக்க. வாரம் பூரா கொல்றதுக்கு மருந்து வித்துட்டு, லீவு நாள்ல போய்க் கொஞ்சிட்டு வர்றீங்களேடான்னு முதலாளி கிண்டல் பண்ணுவார்.

நல்ல மனுஷன், ஆத்மா சாந்தியடையட்டும்னு எழுதத்தான் போனை எடுத்தேன்... வரல. வயிறு எரியுது.

ஒரு தடவை களமருதூர்ல இருந்து ஒரு பெரியவர் கத்திரி இலையோட புழுவைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்தார். பாஸ்கர் மருந்தை எடுக்காம கேமராவை எடுத்தான். பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "இன்னாபா, புழுவுக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கறியா"ன்னு கேட்டார். கடையே சிரிச்சது.

அவன் அப்படித்தான். பூச்சின்னா பைத்தியம். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மேக்ரோ, அதாவது சின்னப் பூச்சியைக் கிட்ட போய்ப் பெருசா எடுக்கறவங்களுக்குத் தெரியும், லென்ஸை விடப் பெரிய தலைவலி ஃப்ளாஷ்தான். பூச்சிக்கு அவ்வளவு கிட்ட போனா லென்ஸ் நிழலே அது மேல விழும். நான் ஒரு செகண்ட் ஹேண்ட் ரிங் ஃப்ளாஷ் வாங்கினேன், லென்ஸ் வாயைச் சுத்தி வளையமா மாட்டுறது. அதுல ஒரு ஓரம் எரியாது.

பாஸ்கருக்கு அது பிடிக்கவே இல்ல. சாதாரண ஃப்ளாஷ் ஒண்ணு போதும், அதுக்கு முன்னால பெருசா வெள்ளையா எதையாவது கட்டி வெளிச்சத்தை மெத்துன்னு ஆக்கணும்பான். பால் கவர், தெர்மாகோல் எல்லாம் கட்டிப் பார்த்து, கடைசியில ஒரு பழைய வேட்டித் துணியில வந்து நின்னான்.

கச்சிராயபாளையம் தாண்டுற வரைக்கும் பைக்ல இதே சண்டைதான். ரிங்ல நிழலே விழாது, பூச்சி தோசை மாதிரி தட்டையாத் தெரியும்பான். பளபளப்பான வண்டா இருந்தா அந்த வளையமே அது முதுகுல வெள்ளையா விழும். என்னோடது ஓரம் எரியாததால முக்கால் வளையம்தான் விழும். அதுக்கு அவன் வெச்ச பேரு கடிச்ச முறுக்கு.

அவன் சொன்னதுல தப்பு இல்ல. அதனாலதான் நம்பினேன்.

போன வருஷம் மழை விட்ட சமயம், கரியாலூர் பக்கம் ஒரு பொன்வண்டு கிடைச்சுது. பாஸ்கர் கீழ டீக்கடையில இருந்தான். நான் மட்டும்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் பெரிசு பண்ணிப் பார்க்கட்டும்னு ஒரிஜினல் ஃபைலையே அவனுக்கு அனுப்பினேன்.

பதில் வந்துச்சு. "கடிச்ச முறுக்கு அது முதுகுலயே உக்காந்துகினு இருக்குது மாப்ள. வெளிய காட்டாத, மானம் போவும். டெலீட் பண்ணிடு."

யாருக்கும் காட்டல. டெலீட் பண்ண மட்டும் கை வரல. அடுத்த வாரமே ரிங் ஃப்ளாஷைக் கழட்டிப் போட்டுட்டு அவனை மாதிரியே துணி கட்ட ஆரம்பிச்சேன்.

நேத்து மதியத்துல இருந்து எனக்குத் தெரியாத சென்னை போட்டோ நண்பர்கள் எல்லாம் ஃபேஸ்புக்ல அவனுக்கு அஞ்சலி போடுறாங்க. ஏதோ ஒரு ஆன்லைன் போட்டியில அவனுக்கு முதல் பரிசு வாங்கிக் குடுத்த படமாம், ஆளாளுக்கு அதைத்தான் ஷேர் பண்றாங்க.

ஒரு பொன்வண்டு. முதுகுல முக்கால் வளையம்.

ஜூம் பண்ணிப் பார்த்தேன். என் போன்ல இருக்கற ஃபைலைத் திறந்து பக்கத்துல வெச்சும் பார்த்தேன். அதே இலை, அதே மடங்கின மீசை. கீழ மூலையில அவன் பேரு.

பரிசு வாங்கினப்புறமும் அதே கல்லா பக்கத்துல என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கான். என் டப்பாவுல இருந்து ஊறுகாய் எடுத்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லல.

திருடியிருந்தாக்கூட பரவால்ல மாப்ள. அசிங்கமா இருக்குன்னு என்னை நம்ப வெச்சுட்டு எடுத்தியே. படம் நல்லா இருக்கு, குடுடான்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே...

நேத்து சாயந்திரம் மாலையோட அவன் வீட்டுக்குப் போனேன். போகாம இருக்க முடியல. இந்த ஒரு வருஷமா அவன் என்னை அங்க கூப்பிடவே இல்லைன்னு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதுதான் உறைச்சுது.

உள்ள அவனைப் படுக்க வெச்சிருந்தாங்க. தலைமாட்டுக்கு மேல சுவத்துல, பெரிய ஃபிரேம் போட்டு அந்தப் படம்.

அவன் சம்சாரம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாங்க. "அண்ணா, இத எடுத்தப்ப நீங்க கூடத்தான இருந்தீங்க. எப்படி எடுத்தீங்கன்னு எத்தினி வாட்டி கேட்டும் இவரு சொல்லவே இல்லண்ணா. அத்தைக்குச் சொல்லுங்க."

பாஸ்கரோட அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

சொன்னேன். மழை விட்டு மண்ணு ஈரமா இருந்துச்சும்மா, சட்டையைப் பத்திக் கவலைப்படாம குப்புறப் படுத்துட்டான்னு சொன்னேன். வண்டு பறந்துடும்னு மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தான்னு சொன்னேன். ஊன்றின முழங்கை பூரா கட்டெறும்பு ஏறிக் கடிச்சுது, அப்பவும் கையை எடுக்கலன்னு சொன்னேன்.

அம்மா அவன் சட்டைக் கையை மேல தள்ளிட்டு, முழங்கையைத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க.

கடி வாங்கின முழங்கை என்னோடது.

அந்த வீட்ல யாரும் ஃபேஸ்புக்ல இல்ல. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு இதை அவங்ககிட்ட கொண்டு போகாதீங்க.

சரி மாப்ள... நீ கிளம்பு.