துப்புவதற்கென்று ஒரு கோழிக்கறி

சமையலைக் குறை சொல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. சாப்பிட்டுவிட்டும் சொல்வார், சாப்பிடாமலும் சொல்வார். அடுப்படியில் வெந்து நொந்த சகோதரர்களே, உங்களுக்கு இது புதுசில்லை. ஆனால் குறை சொல்வதற்கென்றே ஆள் அமர்த்திய கூத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தேன்.

காரைக்குடிப் பக்கம் ஷூட்டிங் வந்தால் யூனிட்டுக்குச் சமைப்பது நான். பெரிய வீடு, கல்யாணம், கண்ணீர் என்றுதான் வருவார்கள். போன வருஷம் வந்த டைரக்டர் தம்பிக்கு வீடு வேண்டாமாம், கோவிலூர் தாண்டிக் கிடக்கிற பொட்டல் போதுமாம். அந்தக் காலத்துப் பேசாப் படம் மாதிரி, கறுப்பு வெள்ளையில், சத்தமே இல்லாமல் ஒரு கௌபாய் காமெடி. மாட்டுப் பண்ணையில் நாலு கௌபாய், அவர்களுக்கு ஒரு சமையல்காரன். அவன் சமையலை வாயில் வைக்க முடியாது. சிரிக்க வேண்டிய இடம் அதுதான்.

வேஷம்

சமையல்காரனாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்தவர் நம்மூர் வெயிலைப் பார்த்தார். காரைவிட்டு இறங்காமலே திரும்பிவிட்டார். டைரக்டர் கண் என் மேல் விழுந்தது. "நீங்க நடிக்கவே வேணாம்ணே, சும்மா சமைங்க" என்று என் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். கௌபாய் வேஷம் கட்டிய நம்ம பக்கத்து ஆட்களில் மூத்தவன் கருப்பையா, திருப்பத்தூர்ப் பக்கம் நிலக்கடலை பயிரிடுகிற சம்சாரி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, சோளக்கொல்லைப் பொம்மை கணக்கா இருக்கீக."

குதிரை

கிடைத்தது கல்யாண ஊர்வலக் குதிரை. மாப்பிள்ளைகளைச் சுமந்தே பழகிய பிராணி. "ஆக்‌ஷன்" என்றால் அதற்கென்ன தெரியும்? மேளம் கேட்டால்தான் கால் தூக்கும். சத்தமில்லாத படத்துக்குத் தேவகோட்டையிலிருந்து மேளக்காரர்களை வரவழைத்த ஒரே டைரக்டர் இவராகத்தான் இருப்பார். மேளம் முழங்கியது, குதிரை ஒய்யாரமாக ஆடி ஆடிப் படத்தின் மாட்டுத் திருடனைத் துரத்தியது. வேகமாக ஓட வையுங்கள் என்று டைரக்டர் கத்தினார். குதிரைக்காரர் அசரவே இல்லை: "பொண்ணு வீடு எங்குட்டு இருக்குன்னு காட்டுங்க சார், தானா ஓடும்."

துப்பல்

என் கறியை ஒரு வாய் வைத்ததும் கௌபாய்கள் துப்ப வேண்டும். வைத்தது நாட்டுக்கோழி, கல்பாசி போட்டு, மிளகு அம்மியில் அரைத்து. துப்பவா செய்வார்கள்? டேக் டேக்காக விழுங்கினார்கள். டைரக்டர் என்னை ஓரங்கட்டி, "உப்பை அள்ளிப் போட்டுக் கெடுத்துருங்கண்ணே" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்! கேவலமாகச் சமைக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நான்தான் கிடைத்தேனா? முடியவே முடியாது என்றுவிட்டேன். கடைசியில் கருப்பையா மனசைக் கல்லாக்கிக்கொண்டு துப்பினான். துப்பின கையோடு கண் கலங்கிச் சொன்னான்: "கறி அமிர்தமா இருக்குண்ணே, என்னைய மன்னிச்சிருங்க."

அட்டை

பேசாப் படத்தில் அவன் பேசியது யாருக்குக் கேட்கும்? அந்த இடத்தில் டைரக்டர் ஓர் எழுத்து அட்டையைச் செருகினார்: 'இது கறியா, எலி மருந்தா?' அதுவே, தொப்பி போட்ட என் முகத்தோடு டிரெய்லராகி ஊர் முழுக்கப் போன் போனாக ஓடியது. தை மாதத்துக் கல்யாண ஆர்டரெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிஞ்சியது மீனா ஆச்சி வீட்டு அறுபதாம் கல்யாணமான சாந்திக் கல்யாணம் ஒன்றுதான். அதுவும் போனால் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதுதான். டைரக்டருக்குப் போன் போட்டேன். மனுஷன் குதூகலமாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க!"

மீனா ஆச்சி

ஆச்சி கூப்பிட்டனுப்பினார். போனால், அதே டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கருப்பையா உண்மையில் என்ன சொன்னான் என்று விளக்க வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார். எத்தனையோ பந்தி பார்த்த கண் அது. போனை என் பக்கம் திருப்பினார்: "துப்பிப்பிட்டு, அந்தாளு விரலை நக்குறதப் பாத்தீகளா? எலி மருந்தை எவனாவது நக்குவானா? நீங்கதான் சமைக்கிறீக, போயி வேலையப் பாருங்க."

ஆக, என் தொழிலைக் காப்பாற்றியது என் கைப்பக்குவமும் இல்லை, டைரக்டரின் கலையும் இல்லை, கேமரா முன்னாலும் கை கழுவத் தோன்றாத ஒரு சம்சாரிதான்.